நாற்பத்திரண்டில் பதினேழு போனால்

இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் முதல் வகுப்பில் படிக்கும் மகனும் வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில், பள்ளியின் கால அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டி, காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை இருவரையும் மேசை முன் உட்கார வைக்க முயன்றேன். மூன்றாம் நாளே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். வகுப்பறையில் தன் முறைக்காகக் காத்திருப்பது, வரிசையில் நிற்பது, நோட்டுகள் திருத்தி வரும்வரை உட்கார்ந்திருப்பது என்று போகும் நேரமெல்லாம் வீட்டில் கிடையாது. அதனால், இந்த வயதுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரப் படிப்பு, அதுவும் பதினைந்து இருபது நிமிடங்களாகப் பிரித்துக்கொண்டால், போதும் என்பதே என் அனுபவம்.

மனம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் கணக்கை வைத்துக்கொள்கிறோம். சென்ற செவ்வாய்க்கிழமை மகள் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு” என்று தயங்காமல் சொன்னாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், எந்தப் பக்கம் இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது என்று தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறாள். கழித்தல் பழகும் பிள்ளைகள் பலர் செய்யும் பிழைதான் இது. கவனக்குறைவு என்று கடிந்துகொண்டால் அந்த விதி உள்ளேயே தங்கிவிடும்.

தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு நான்கு கட்டுகளாக்கி, இரண்டு உதிரிக் குச்சிகளுடன் அவள் முன் வைத்து, முதலில் ஏழு எடு என்றேன். உதிரி இரண்டையும் எடுத்தபின், கட்டுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்குப் போகாமல் என் கைகளைக் கட்டிக்கொண்டிருந்ததுதான் அன்று எனக்குக் கடினமான வேலை. “அம்மா, ஒரு கட்டைப் பிரிக்கலாமா?” என்று அவளே கேட்டாள். மீதி ஐந்தை அதிலிருந்து எடுத்து, முழுக் கட்டு ஒன்றையும் ஒதுக்கிய பிறகு, இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மிஞ்சின. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லை அதற்குப் பிறகே சொன்னேன்.

மகனுக்கு ஆறு பொத்தான்கள் வீதம் இரண்டு வரிசை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகட்டிவிட்டேன். எண்ணிப் பார்த்து இரண்டிலும் ஆறு என்றவன், “ஆனா இதுலதான் நிறைய” என்று நீளமான வரிசையைக் காட்டினான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளிடம் செய்துபார்த்த சோதனை இது. அகட்டி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்ற தெளிவு ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலும் வருகிறது என்றார் அவர். ஆகவே நான் திருத்தவில்லை. பொத்தான்களை மீண்டும் நெருக்கி வைத்துவிட்டு எழுந்தோம்.

தமிழுக்குத் தினமும் ஐந்து சொற்கள் மட்டும் சொல்லி எழுத வைக்கிறேன். மகள் ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதிய அன்று, பத்து முறை எழுதச் சொல்லாமல், பல்லி, பள்ளி என்று மாற்றி மாற்றி உரக்கச் சொல்லி, நாக்கு எங்கே மடிகிறது என்று கவனிக்கச் சொன்னேன். அதே சொற்களை மறுநாளும், மூன்று நாள் கழித்தும் கேட்கிறேன். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எர்மான் எபிங்ஹாஸ் 1885-ஆம் ஆண்டிலேயே தன் நினைவாற்றல் ஆய்வில் காட்டியிருக்கிறார்.

கைபேசியில் வரும் பாடக் காணொளிகளை மிகக் குறைத்துவிட்டேன். ‘எப்படிப் போட்டாய்’ என்று அவை குழந்தையைக் கேட்பதில்லை. பிற்பகல் முழுவதும் விளையாட்டு. இரவில் நான் கதை வாசிக்க, இருவரும் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை 61-இலிருந்து 24-ஐக் கழிக்கும் கணக்கைக் கொடுத்தேன், குச்சிகள் இல்லாமல். 37 என்று எழுதிக் காட்டினாள். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஆறு கட்டுகள் வரைந்து, அவற்றில் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் பத்துச் சிறு கோடுகள் போட்டிருந்தாள்.