அறிவிப்பின் கடைசிப் பத்தி

ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும் நல்கை (நிதியுதவி), ரெசிடென்சி (ஓரிடத்தில் சில காலம் தங்கிப் படைப்பில் ஈடுபடும் ஏற்பாடு), கண்காட்சி வாய்ப்பு ஆகியவற்றைத் தருவதாகச் சொல்லும் அறிவிப்புகளை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் கலைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது, பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். பெரும்பாலும் அந்தச் செய்தி கடைசிப் பத்தியில் ஒதுங்கியிருக்கும். அங்கும் இல்லையென்றால் விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

ரெசிடென்சி என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட ஏற்பாடுகள் நடந்துவருகின்றன. 1907-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கப்பட்ட மேக்டவலில், தேர்வானவர் தங்குமிடத்துக்கோ உணவுக்கோ எதுவும் செலுத்த வேண்டியதில்லை. மதிய உணவைக் கூடையில் கொண்டுவந்து ஸ்டூடியோ வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலையில் மூழ்கியிருப்பவரின் கவனம் கலையக் கூடாது என்பதற்காகவே அந்த வழக்கம். ஸ்டூடியோச் சுவரில் உள்ள மரப்பலகைகளில், முன்பு அங்கே பணியாற்றியவர்கள் வரிசையாகத் தம் பெயரை எழுதிச் சென்றிருப்பார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி வேறு வகை: இரண்டு ஆண்டுகள், மாதாந்திர உதவித்தொகை, மரம், உலோகம், பீங்கான், அச்சு என ஒவ்வொன்றுக்கும் தேர்ந்த நுட்பநர்களுடன் கூடிய பட்டறைகள். 1965-இல் பாரிஸில் திறக்கப்பட்ட சித்தே இன்டர்நேஷனல் தேஸ் ஆர்ட்டில் 300-க்கும் மேற்பட்ட ஸ்டூடியோக்கள் உள்ளன. ஆனால் அங்கே செல்பவர்களில் பலர் கூட்டாளி நிறுவனங்களின் வழியாகச் செல்வதால், செலவில் எவ்வளவு கலைஞரின் தலையில் விழும் என்பது அனுப்பும் நிறுவனத்தைப் பொறுத்தது. இவை மூன்றும் மதிப்புக்குரிய இடங்கள். எனினும், வெண்கல வார்ப்பில் சிக்கி நிற்கும் சிற்பிக்கு அமைதியான காட்டு வீட்டைவிட உலைக்களம் உள்ள பட்டறைதான் பயன்படும். இடத்தின் புகழைக் கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட, தன் படைப்பு எங்கே தடைப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நல்கைகளில் தகுதி விதிகளைச் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். ஓவியர் லீ கிராஸ்னரின் உயில் வழியாக 1985-இல் உருவான பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை, படைப்பின் தரத்தையும் பணத்தேவையையும் சேர்த்தே எடைபோடுகிறது. ஆகவே அங்கே வரவுசெலவு விவரம் படங்களுக்கு இணையான கவனத்தைக் கோருகிறது. 1955-இல் கனடாவில் நிறுவப்பட்ட எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை, உருவம் சார்ந்து இயங்கும் தொடக்கநிலைக் கலைஞர்களுக்கானது. அரூப ஓவியம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அங்கே அதற்கு இடமில்லை. இளமை போய்விட்டது, இனி வாய்ப்பில்லை என்று வருந்துபவர்களுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு காட்லீப் அறக்கட்டளை: ஓவியம், சிற்பம், அச்சுக்கலை ஆகியவற்றில் குறைந்தது 20 ஆண்டுகள் முதிர்ச்சியுடன் பணியாற்றியவர்களுக்கென்றே அது நல்கை வைத்திருக்கிறது. தீ, வெள்ளம், மருத்துவ நெருக்கடி போன்றவற்றில் சிக்கிய கலைஞர்களுக்கு அவசர உதவியும் தனியாக உண்டு. அத்தகைய நெருக்கடி உதவிகள் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

விண்ணப்பத்தில் தேர்வுக் குழு முதலில் காண்பது படங்களைத்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் ஓவியத்தை அப்படியே படமெடுத்தால் ஜன்னலின் வெளிச்சமும் எடுப்பவரின் நிழலும் அதில் விழும். சட்டத்தைக் கழற்றி, இருபுறமும் சமமான ஒளி வைத்து, கேமராவை ஓவியத்தின் நடுமட்டத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறதா என்று அசலை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு ஆகிய நான்கும் ஒவ்வொரு படத்துக்கும் பிழையின்றி இருக்கட்டும். பத்துப் படங்கள் கேட்டால், பத்து வகைத் திறமையைக் காட்டுவதைவிட ஒரே தேடலின் பத்துப் படிகளைக் காட்டுவதே குழுவின் மனத்தில் நிற்கும்.

கண்காட்சி அழைப்புகளில்தான் கலைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் இருப்பதனாலேயே ஓர் அழைப்பைத் தவறென்று சொல்லிவிட முடியாது. 1769 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் லண்டன் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியும் படைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறுகிறது. தேர்வான பிறகு சுவருக்கு வாடகை கேட்கும் கேலரிகள் வேறு. விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு வருமானம் வந்துவிடுவதால், அந்தப் படைப்பை வாங்குபவரிடம் கொண்டுசேர்க்கும் அக்கறை அவர்களுக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கலைஞருக்குக் கேலரி பணம் தருவது ஒன்றும் கனவல்ல. கனடாவில் 1968-இல் கலைஞர்களே தொடங்கிய கார்ஃபாக் அமைப்பு தொடர்ந்து போராடியதன் பயனாக, 1988-இல் அந்நாட்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கண்காட்சி உரிமை, அதாவது படைப்பைப் பொதுவில் காட்டுவதற்குக் கலைஞர் பணம் கேட்கும் உரிமை, சேர்க்கப்பட்டது.

அந்த உரிமை சட்டத்தில் இல்லாத நாடுகளில் ஒப்பந்தமே துணை. படைப்பைக் கொண்டுபோகும் செலவு, திருப்பி அனுப்பும் செலவு, சுங்கம், காப்பீடு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது, விற்றால் கேலரி எடுத்துக்கொள்ளும் கழிவு எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில் கைக்கு வரும் ஆகிய அனைத்தும் எழுத்தில் வந்த பிறகே படைப்பைப் பொதிந்து அனுப்புங்கள். குறிப்பாகத் திருப்பி அனுப்பும் செலவை ஒரு தனி வரியாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும் செலவை ஏற்பதாகச் சொல்லும் அழைப்புகளில் பலவும் அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.