எடை மேடைக் கணினியும் புதிய விண்டோசும்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவையும், அதோடு சேர்த்து அங்குள்ள கணினிகளையும் கவனித்துக்கொள்ளும் எனக்கு அந்தத் தேதி ஏன் பெரிய கவலையாக இருந்தது என்பது மாங்காய் சீசனைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். பெங்களூரா என்று இங்கே சொல்லப்படும் தோத்தாபுரிதான் எங்கள் ஆலைக்கு முதன்மையான சரக்கு. மே மாதம் வண்டிகள் வரத் தொடங்கினால் ஆகஸ்டு வரை இரவு பகல் பாராமல் அரவை ஓடும். மற்ற மாதங்களில் நாங்கள் பார்ப்பதெல்லாம் அந்தச் சில மாதங்களில் நடந்ததன் கணக்கு, அனுப்பீடு, வங்கி, தணிக்கை ஆகிய வேலைகள்தான். ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறுவதா வேண்டாமா என்று ஏப்ரலில் முதலாளி ஐயா கேட்டபோது, எது நல்ல மென்பொருள் என்பதைவிட, எந்தக் கணினியை எந்த மாதத்தில் தொடலாம் என்பதே எனக்கு முதல் கேள்வியாகப் பட்டது.

அலுவலகத்தில் அப்போது இரண்டு விதமாகப் பேசினார்கள், இரண்டுக்கும் நடந்த கதைகள் துணையாக இருந்தன. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்பு சிலருடைய கணினிகளில் ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாட்களிலேயே நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் மீண்டும் வெளியிட்டது. அவசரப்படக் கூடாது என்பவர்கள் இதைச் சொன்னார்கள். தாமதிக்கக் கூடாது என்பவர்களுக்கு 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் கைகொடுத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் மாட்டிக்கொண்டன, அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7-இல் ஓடியவை.

இந்த இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது என் எண்ணம். மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம் வேறு, இயங்குதளத்தையே மாற்றிவைக்கும் பெரிய பதிப்பு வேறு. முதலாவதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட ஆபத்து ஏறிக்கொண்டே போகும். இரண்டாவதை, ஆதரவுக் காலம் முடியாத வரையில், நமக்குத் தோதான நேரம் பார்த்துச் செய்துகொள்ளலாம். நிறையப் பேர் 'அப்டேட்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள், இல்லையென்றால் திரையில் எது கேட்டாலும் சரி என்று அழுத்திவிடுகிறார்கள். எங்கள் ஆலையில் மாதத் திருத்தங்களைச் சீசனிலும் நிறுத்தவில்லை. விண்டோஸ் 10-இல் அவற்றை 35 நாட்கள் வரை ஒத்திவைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுவைத்து, இயந்திரங்களைக் கழுவுவதற்காக அரவை நிற்கும் நேரத்தில் மட்டும் அனுமதித்து, மறுதொடக்கம் முடியும் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டோம்.

பெரிய மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு கணினியின் பின்பக்கத்தையும் போய்ப் பார்த்து, அதில் என்னென்ன கேபிள்கள் தொங்குகின்றன, அந்தக் கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். மைக்ரோசாஃப்டின் தகுதிச் சோதனை நிரல் செயலியின் தலைமுறையையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், நினைவகத்தையும் பார்த்துச் சரி அல்லது தவறு என்று சொல்லிவிடும். அந்தக் கணினியை நம்பி எது நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்குப் பிரிவின் கணினிகளில் அதிகச் சிக்கல் இல்லை. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தையவை சில, தகுதியில்லை என்று காட்டியபோதும், விண்டோசுக்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் டிபிஎம் அணைந்து கிடந்ததுதான் காரணம். அதை இயக்கியதும் தகுதி பெற்றுவிட்டன. முதலில் என் மேசைக் கணினியை மட்டும் மாற்றிக்கொண்டேன். இதில் நான் கவனித்த ஒன்றைக் கணக்கு வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப விண்டோஸ் இயல்பாகத் தரும் அவகாசம் 10 நாட்கள். ஜிஎஸ்டி வேலையோ மாதச் சுற்றில் நடப்பது: 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கான 3பி, இடையில் மின்னணுக் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன், நாள்தோறும் சரக்கு வண்டிக்கான இ-வே பில். மாதக் கடைசியில் மாற்றினால், டோக்கன் வேலை செய்யவில்லை என்று தெரியவரும்போது அந்த 10 நாட்கள் போயிருக்கும். நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, விண்டோசோடு வரும் டிஸ்ம் என்ற கட்டளை மூலம் இந்த அவகாசத்தை 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அவகாசம் முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும், இடம் காலிசெய்கிறேன் என்று பழைய விண்டோஸ் கோப்புறையை யாரும் அழித்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் 60 என்று வைத்துவிட்டு, இரண்டு தாக்கல்களும் முடிந்த பிறகே மற்ற கணினிகளை மாற்றினேன். திரும்பிப் போக வேண்டிய தேவை வரவில்லை.

எடை மேடைக் கணினி வேறு கதை.

ஆலை வாசலில் இருக்கும் எடை மேடையின் அடியில் சுமை உணரிகள் இருக்கின்றன. அவற்றின் அளவு எடை அறையில் உள்ள எண் காட்டும் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரு சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்குப் போகிறது. கணினியில் சீரியல் துளை இல்லாததால் நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றி. மென்பொருள் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது; அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது அந்தத் தொழிலிலேயே இல்லை. சரக்கோடு வரும் வண்டியின் மொத்த எடையை முதலில் பதிவார்கள். காயை இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்ப மேடை ஏறும்போது வண்டி எடையைப் பதிந்து, கழித்து, நிகர எடையோடு கார்பன் தாள் வைத்த சீட்டை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் அடித்துக் கொடுப்பார்கள். இந்த இரண்டு எடைகளுக்கும் நடுவே, சீசன் உச்சத்தில், பல மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரம் முழுவதும் உள்ளே நிற்கும் வண்டிகள் அத்தனையின் முதல் எடையும் அந்தக் கணினிக்குள்தான் இருக்கும். கணினி படுத்துவிட்டால் இனி வரும் வண்டிகளை எண் காட்டும் பெட்டியைப் பார்த்துக் கையால் எழுதிச் சமாளிக்கலாம். ஏற்கெனவே உள்ளே போன வண்டிகளின் கணக்கைத்தான் மீட்க முடியாது.

அந்த அறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "வண்டி வரிசை நிக்கிற வரைக்கும் இந்தப் பொட்டியில யாரும் கை வைக்கக் கூடாது கண்ணு. காயைக் கொண்டாந்தவன் ராவெல்லாம் கண் முழிச்சு நிக்கிறான், அவங்கிட்ட கம்ப்யூட்டர் பேசலைன்னு சொல்ல முடியுமா?" என்றார். தோத்தாபுரி விலை கடுமையாகச் சரிந்து விவசாயிகள் நொந்துபோயிருந்த ஆண்டு அது. போச்சம்பள்ளியிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் வாடகை வண்டியில் காயை ஏற்றிக்கொண்டு வருகிறவருக்குக் கையில் கிடைக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சீட்டு. அதன் மீது ஒரு சந்தேகம் விழுந்தாலும் ஆலையின் பெயர் கெட்டுவிடும். அவர் சொன்னதையே முடிவாக எழுதி ஐயாவிடம் கொடுத்தேன்: எடை அறைக் கணினி அரவை முடியும் வரை விண்டோஸ் 10-இலேயே இருக்கும், உள்ளே நிற்கும் வண்டிகளின் முதல் எடை கணினியோடு ஒரு நோட்டிலும் எழுதப்படும், செப்டம்பரில் மாற்று வேலை தொடங்கி அக்டோபர் 14-க்குள் முடியும்.

இதற்கிடையில், பழைய கணினியிலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்று ஒரு சர்வீஸ்காரர் சொன்னார். வன்பொருள் சோதனையைத் தவிர்த்துவிட்டு நிறுவும் வழிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுவப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. திருத்தங்களுக்காகத்தான் மாறுகிறோம் என்னும்போது அந்த உறுதியை இழந்து மாறுவதில் எனக்கு ஒரு பொருளும் தெரியவில்லை. எங்கள் எடை அறைக் கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது என்பதால் இருப்பதன் மேல் ஏற்றவும் வழியில்லை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

பணம் கட்டித் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் திட்டத்தையும் பார்த்தோம். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு அதன் இரு மடங்கு, மூன்றாம் ஆண்டு மீண்டும் இரு மடங்கு. மூன்று ஆண்டுக்கும் கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்தில் எடை அறைக்குப் போதுமான கணினியே வாங்கிவிடலாம். ஐயா இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு புதுக் கணினிக்கு ஒப்புதல் தரத் தயங்கவில்லை.

செப்டம்பரில் மேடை ஓய்ந்திருந்தபோது புதுக் கணினியைக் கொண்டுவந்து வைத்தோம். விஷுவல் பேசிக் மென்பொருள் 64 பிட் விண்டோசில் ஓடாது என்று சிலர் பயமுறுத்தியிருந்தார்கள். அது ஓடியது. சீரியல் துளையோடு பேசும் ஓசிஎக்ஸ் என்ற பழைய துணைக் கோப்பை மட்டும் உரிய கோப்புறையில் வைத்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. தடுத்து நின்றது நாங்கள் நினைத்தே பார்க்காத அந்தச் சின்ன யுஎஸ்பி மாற்றி. சாதனப் பட்டியலில் அதன் பெயருக்குப் பதிலாக, இந்தச் சில்லு 2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரை அணுகுங்கள் என்ற பொருளில் ஒரு வரி மஞ்சள் முக்கோணத்தோடு நின்றது. பழைய விண்டோசில், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழையதாக இருந்தபோது ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பொருள், புதிய டிரைவர் வந்ததும் ஏற்க மறுக்கப்பட்டது. தேடிப்பிடித்துப் பழைய டிரைவரைத் திணித்தால் ஓடும். ஆனால் அடுத்த திருத்தம் வரும்போது விண்டோஸ் அதைத் தானாகவே புதியதாக மாற்றிவிடக்கூடும், அது ஜூன் மாத இரவு ஒன்றில் நடக்கவும்கூடும். கணினிப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வேறு சில்லு உள்ள மாற்றிகள் இரண்டு வரவழைத்தோம், ஒன்று பயன்பாட்டுக்கு, ஒன்று கைவசத்துக்கு. அதைச் செருகும் துளையை மாற்றினால் விண்டோஸ் அதற்குத் தரும் காம் எண் மாறி மென்பொருள் எடையை வாங்காது என்பதால், அந்தத் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குறியிட்டு, மாற்றியை அதில் ஒட்டியே வைத்துவிட்டோம்.

இந்த மாற்றியை ஏப்ரல் கடைசியில், முதல் வண்டி வருவதற்குச் சில நாள் முன்னால் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாற்றி வந்துசேர ஒரு நாள் போதும், பெங்களூர் 90 கிலோமீட்டர்தான். ஆனால் கோளாறு மாற்றியில்தான் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நிதானம் வேண்டியிருந்தது. மென்பொருளா, கேபிளா, எண் காட்டும் பெட்டியா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. சீசனில் அதற்கு இடமே இருந்திருக்காது.

இன்னும் இரண்டு செய்திகள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதைத் திறக்கும் மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. நிறுவித் தருகிற சர்வீஸ்காரர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் சொந்தக் கணக்கில் நுழைந்துவிட்டுப் போனால், ஆலையின் கணக்குகளைத் திறக்கும் சாவி அவர் கையில் இருக்கும். அவரை நாளைக்குத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். எங்கள் ஆலைக்கென்று ஒரு கணக்கு தொடங்கி, சாவிகளை அச்சிட்டுப் பீரோவில் வைத்திருக்கிறோம். அடுத்தது எழுத்துரு. விவசாயிகளுக்கான தமிழ் அறிவிப்புகளை நாங்கள் லதா எழுத்துருவில் அடித்து வைத்திருந்தோம். புதிதாக நிறுவிய விண்டோசில் லதா இல்லாமல் இருக்கலாம். அமைப்புகளில் விருப்பக் கூறுகள் பகுதிக்குப் போய்த் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் பழைய பக்க அமைப்பு அப்படியே திரும்பிவிடும்.

இப்போது புதுக் கணினி எடை அறையில் ஓடுகிறது. பழையதை வலைப்பின்னலிலிருந்து பிரித்து, அதன் பழைய மாற்றியோடு பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம்; கேபிளை மட்டும் மாற்றிச் செருகினால் அது எடை வாங்கும் என்பதை அண்ணனே தன் கையால் செய்து பார்த்துவிட்டார். எடை மேடைக்கு ஆண்டுதோறும் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும். அடுத்த முத்திரை நாளில் சோதனை எடைகள் மேடையில் ஏறும்போது இரண்டு கணினிகளையும் மாறி மாறி இணைத்துச் சீட்டு எடுத்து, எண் காட்டும் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். பழைய பெட்டியை எடுத்துவிடலாமா என்பதை அடுத்த சீசனின் முதல் மாதம் முடிந்த பிறகு அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்று ஐயா சொல்லியிருக்கிறார்.