நீலத்திரை நாட்கள்

2024 ஜூலை 19, வெள்ளி

பத்து மணிக்குள் மில்லில் 140 கணினிகள் விண்டோஸ் முடங்கி நீலத்திரையில் நின்றுவிட்டன. எங்கள் நெட்வொர்க்கில்தான் ஏதோ கோளாறு என்று வயிறு கலங்கியது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தருகிறார்கள் என்று செய்தி வந்ததும்தான் மூச்சு வந்தது. அந்த நிம்மதிக்கு வெட்கப்பட வேண்டும்.

கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு அப்டேட். 9.39-க்கு விட்டதை 10.57-க்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதற்குள் வாங்கிக்கொண்டவை விழுந்தன. ஆடி முதல் வெள்ளி என்று அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பதினொன்றரைக்கு வந்த அக்கவுண்ட்ஸ் அக்காவின் கணினி ஜோராக ஓடுகிறது.

எம்.டி.யிடம் ஒரே கேள்விதான். "எப்ப சரியாகும்?"

"ஒரு மணி நேரம் சார்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தெரியாத நேரத்தைச் சொல்லாதே, மறுபடி எப்போது வந்து நிற்பாய் என்பதைச் சொல் என்பார் எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர். "தெரியலை சார். 12 மணிக்கு வந்து நிலவரம் சொல்றேன்." முகம் சுருங்கியது. ஆனால் 12 வரை அவரிடமிருந்து ஃபோன் வரவில்லை.

ஜூலை 20, சனி

நேற்று முடியாததை இன்று எழுதுகிறேன். அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஏற்றி ஒரு ஃபைலை அழித்தால் போதும், சில நிமிட வேலை. ஆனால் டிஸ்க் பூட்டியிருக்கிறது. திறக்க ஒவ்வொன்றுக்கும் 48 இலக்க எண். அந்த எண்கள் இருந்த சர்வரும் நீலத்திரையில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது நான்தான். பேக்கப்பிலிருந்து அதை மீட்கவே மதியம் ஆகிவிட்டது.

எதை முதலில் எழுப்புவது? கேட்டில் ஆறு லாரிகள், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் இல்லாமல் நகராது. டெஸ்பாட்ச் முதலில், எம்.டி.யின் லேப்டாப் கடைசியில். அதை அவரிடமே போய்ச் சொன்னதுதான் நேற்று நான் செய்த ஒரே கஷ்டமான வேலை.

எனக்குக் கை அரித்தது. ஒரு கணினியில் போய் உட்கார்ந்தேன். "நீங்க நிலவர போர்டைப் பாருங்க சார், இதை நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு பையன் எழுப்பிவிட்டான். அவன் என்னைவிட வேகம், சந்தேகமே இல்லை. எனக்கு மிஞ்சியது ஃபோன். பெருந்துறை குடோன் ஸ்டோர்கீப்பர் அண்ணனுக்கு எண்ணைப் படித்தேன், ஆறாறாக எட்டுக் கொத்து. அவர் தாளில் எழுதிக்கொண்டு போய் அடித்தார், ஏற்கவில்லை. "நான் எழுதின ஒண்ணு எனக்கே ஏழு மாதிரி இருக்கு தம்பி." சரி, மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 22, திங்கள்

இன்னும் மூன்று பாக்கி. உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் என்கிறது மைக்ரோசாப்ட்.

ஆகஸ்ட் 7, புதன்

காரணம் என்ன என்று விரிவான அறிக்கை வந்திருக்கிறது. நிரல் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்திருக்கிறது, கைக்கு வந்தது 20. அதுகூடப் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே வீச்சில் அனுப்பியதுதான் வினை. திட்டலாம் என்றுதான் படிக்க உட்கார்ந்தேன். எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு நானும் மாதாமாதம் அதையேதான் செய்கிறேன், ஒரே ராத்திரியில் மொத்த மில்லுக்கும். இனி ஐ.டி. அறையின் பத்துக் கணினிகளுக்கு முதலில், இரண்டு நாள் பொறுத்து மற்றவற்றுக்கு.

48 இலக்க எண்களை அச்சடித்து, உறையில் ஒட்டி, கேஷியர் பீரோவில் வைத்தாயிற்று. மாலை எம்.டி.யிடம் சொன்னேன்.

"பீரோ சாவி ஒருத்தர்கிட்டதானே இருக்கு?" என்றார்.