ரெட் ஆற்றிலிருந்து வின்னிபெக் ஏரி வரை: இரண்டாவது பனிக்காலத் தூண்டில்

உறைந்த பனிக்கட்டியில் குழி போட்டு மீன் பிடிப்பதில் போன வருடக் கணக்கு இது: ஆறு முறை போனேன், ஒரு மீன் கிடைத்தது. அதுவும் நான் தேடிப் போன மீன் இல்லை. பர்பாட் என்று ஒன்று, இந்த ஊர்க்காரர்கள் மரையா என்பார்கள். தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்குள் வாலை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பாம்பைப் பிடித்தவன் மாதிரி கையை உதறியதைப் பக்கத்துக் குழிக்காரர் பார்த்துவிட்டார். அந்த அவமானத்தோடு முடிந்த சீசன்.

இந்த வருடம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒன்பது முறை போனேன். தேடியது வால்ஐ. பேரைக் கேட்டால் நம் வாளை மாதிரி இருக்கும், ஆனால் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. கனடாவின் இந்த மனிடோபா மாகாணத்தில் இதற்கு பிக்கரல் என்றுதான் பேர். இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக்கண் மாதிரி மின்னும். விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, அதனால் மங்கலான வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கும். அந்தி சாயும் நேரத்தில்தான் அது வேட்டைக்குக் கிளம்பும். டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும் என்பதால், மதியம் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வீட்டில் அனுமதி வாங்க இந்த ஒரு காரணம் நன்றாக உதவியது.

முதலில் ரெட் ஆறு. இலையுதிர் காலத்தில் வின்னிபெக் ஏரியிலிருந்து பிக்கரல் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறி வரும். முதுகில் பச்சை மினுமினுப்பு இருப்பதால் அவற்றை கிரீன்பேக் என்பார்கள். லாக்போர்ட் அணைக்கட்டுக்குக் கீழே, செல்கர்க் பக்கம் எல்லாம் ஆறு உறைந்ததும் குட்டிக் குட்டிக் கூடாரங்கள் முளைத்துவிடும். அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் எனக்கும் வசதி.

ஆனால் ஆற்றுப் பனிக்கட்டியை நம்பவே கூடாது. கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் ஒரே கனம் இருக்காது. நடக்க 10 சென்டிமீட்டர் தெளிவான பனிக்கட்டி வேண்டும் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. வெள்ளையாக, பால் கலந்த மாதிரி இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு. டிசம்பர் நடுவில் கையில் கடப்பாறையோடு தட்டித் தட்டிப் போனேன். முதல் குழியில் 18 சென்டிமீட்டர் வந்தது. முப்பது அடி தள்ளி, ஓட்டம் அதிகமான பக்கம், 8. அன்றைக்குக் கடை விரிக்காமலே வீடு திரும்பினேன்.

அடுத்த முறை இடம் சரியாக இருந்தது, மீன்தான் வரவில்லை. உண்மையில் வந்தது, வந்து பார்த்துவிட்டுப் போனது. இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த வருடம் ஒரு சோனார், அதாவது ஒலியலையை வைத்து அடியில் இருப்பதைக் காட்டும் கருவி, வாங்கியிருந்தேன். வட்டமான திரையில் தரை ஒரு கோடாகவும் என் தூண்டில் ஒரு கோடாகவும் தெரியும். மீன் வந்தால் நடுவில் இன்னொரு கோடு முளைத்து மெதுவாகக் கனக்கும். அந்தக் கோடு என் தூண்டிலை நோக்கி ஏறி வரும், நான் பதற்றத்தில் கம்பை இன்னும் வேகமாக ஆட்டுவேன், கோடு அப்படியே கரைந்து போகும். ஒரே மாலையில் ஏழு முறை. சோனார் இல்லாத போன வருடம் எவ்வளவோ நிம்மதி, மீனே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் இருபது வருடமாக இருப்பவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "தம்பி, நீர் மீன் பிடிக்கிறீரோ, மோர் கடையிறீரோ? அது கிட்ட வந்தால் தங்கூசியைச் சும்மா வச்சிரும்." தங்கூசி என்றால் நைலான் நரம்பு. எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய், இப்போது கடையில்கூட வாயில் வந்துவிடுகிறது.

அவர் சொன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். ரெட் ஆறும் சரி, ஏரியின் தெற்குப் பகுதியும் சரி, தண்ணீர் கலங்கல். மீனைக் கூப்பிட ஓசை வேண்டும். உள்ளே சின்ன உருண்டைகள் கலகலக்கும் பிளாஸ்டிக் மீனை ஓரடி தூக்கிப் போட்டால் தூரத்திலிருப்பதுகூட எட்டிப் பார்க்கும். அது கூப்பிடுகிற வேலை. மீன் வந்துவிட்ட பிறகு வேறு வேலை. அந்தக் குளிரில் அதன் உடம்பே மந்தமாகத்தான் இயங்கும், துரத்திப் பிடிக்கத் தெம்பு செலவழிக்காது. அப்போது நடுங்குகிற அளவுக்கு மட்டும் அசைத்து, மெல்ல ஒரு சாண் உயர்த்தி, நிறுத்த வேண்டும். தப்பி ஓடுகிற இரை மாதிரி தெரிய வேண்டும், ஆனால் ரொம்பத் தப்பிவிடவும் கூடாது.

ஜனவரியில் ஏரிக்கு மாறினோம். வின்னிபெக் ஏரி 24,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், கரையில் நின்றால் கடல்தான். கிழக்குக் கரையில் பால்சம் பே பக்கம் இறங்கினோம். தண்ணீர் நாலு மீட்டர் கூட இல்லை, பனிக்கட்டி மட்டும் 70 சென்டிமீட்டர். ஆகர் என்ற துளைக்கருவியால் துளைத்த குழிக்குள் மிதக்கும் பனித்தூளை அள்ள ஒரு கரண்டி விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு வீட்டு ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு போனேன், அற்புதமாக வேலை செய்தது. இப்போது அது வடைக்குத் திரும்ப முடியாது என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வெளியே மைனஸ் 27. கம்பின் வளையங்களில் நரம்பு ஏறி இறங்கும்போது தண்ணீர் உறைந்து மணி மணியாகக் கட்டிக்கொள்ளும். பின்னல் நரம்பு போட்டிருந்தேன், அது தண்ணீரை உறிஞ்சிக் கம்பி மாதிரி விறைத்துவிட்டது. அடுத்த வாரம் ஒற்றை நைலானுக்கு மாற்றினேன். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு வைத்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் காற்று வரும் வழியை மூடக் கூடாது. ஒருநாள் குளிருக்குப் பயந்து மூடிவிட்டேன், அரை மணியில் தலை கனக்க ஆரம்பித்தது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அடுத்த நாளே அலாரம் ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன்.

பனிமேல் இங்கே ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். ஒன்றைக் கையில் ஆட்டுவேன், இன்னொன்றில் உப்பிட்டு உறைய வைத்த குட்டி மீனைக் கோத்துத் தரைக்கு ஓரடி மேலே சும்மா தொங்கவிடுவேன். ஆட்டுகிற தூண்டிலைப் பார்க்க வரும் மீன், அது பிடிக்காவிட்டால், பக்கத்தில் அசையாமல் கிடப்பதைப் போய்க் கடிக்கும். என் முதல் பிக்கரல் இப்படித்தான் வந்தது, நான் கையில் வைத்திருந்த கம்புக்கு இல்லை. கொஞ்சம் வருத்தம்தான். 38 சென்டிமீட்டர்.

கையிலேயே பிடிக்க பிப்ரவரி ஆனது. நம் ஊர்க் குளத்தில் தக்கை 'டபக்'கென்று முங்கும், அதைத்தான் இங்கேயும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்காலப் பிக்கரல் கொத்துவதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. கையில் தெரிவது இழுப்பு இல்லை: திடீரென்று தூண்டிலின் கனம் காணாமல் போகும், இல்லையென்றால் ஈரத்துணி மாட்டிய மாதிரி கொஞ்சம் கூடும். இது எனக்கு விளங்கிய அன்று மட்டும் மூன்று.

பெரியது ஒன்று போனதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மனிடோபாவில் தூண்டில் முள்ளில், மீன் நழுவாமல் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள் இருக்கக் கூடாது, குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அதனால் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் போச்சு. குழியின் வாய்க்குள் தலை வந்துவிட்டது, என் உள்ளங்கையைவிட அகலமான தலை, கண் வெண்கலமாக மின்னியது. ஒரு கையால் கேமராவைத் தேடினேன். அவ்வளவுதான். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

மார்ச் இரண்டாம் வாரம் கடைசிப் பயணம். வெயில் ஏறி, ஓரங்களில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. அன்று நாலு மீன். அதில் ஒன்று சாகர். பிக்கரலுக்குப் பங்காளிதான், ஆனால் முதுகுத் துடுப்பில் புள்ளி புள்ளியாக இருக்கும், பிக்கரலுக்கு வால் கீழ்நுனி வெள்ளையாக இருக்கும். வெயிலில் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால் முதல் முறையாக நானே பிரித்துச் சொன்னேன். இன்னொன்று 66 சென்டிமீட்டர், முட்டை நிறைந்த வயிறு. அதைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், குழியிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டேன். வெளியே எடுத்தால் குளிர்காற்றில் செவுளும் கண்ணும் உறைந்துவிடலாம், பிறகு விட்டும் பயனில்லை.

மற்றவை வீட்டுக்கு வந்தன. இந்த ஊரில் கன்னச் சதைக்குத்தான் கிராக்கி, ஒரு மீனுக்கு இரண்டு சின்ன வில்லைதான் தேறும். மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவித் தோசைக்கல்லில் போட்டேன். மனைவி ஒரு வில்லையை வாயில் போட்டுவிட்டு, "பெரிசை எதுக்கு விட்டுட்டு வந்தீங்க?" என்றாள்.

மொத்தம் ஒன்பது பயணம், பதினொரு பிக்கரல், நாலு சாகர், ஒரு மரையா. அந்த மரையாவை இந்த முறை உதறவில்லை.