பழனிக்கு நடந்துரலாம், ராத்திரி படுக்கத்தான் இடம் வேணும்

வேண்டுதல் எங்க அத்தையோடது. எங்க வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போன நேரம், ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து "முருகா எம்புள்ளைய எழுப்பி உக்கார வச்சுரு, தைப்பூசத்துக்கு எம்மருமகள நடத்தியே அனுப்புறேன்"னு முடிஞ்சு வச்சுட்டாங்க. அவங்களுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம், வேற ஆள் யாரு இருக்கா. அவரும் எழுந்து உக்காந்துட்டாரு, அப்புறம் என்ன, மாலையப் போட்டுட்டு சிங்கம்புணரியில இருந்து நானு, நாத்தனார், அவ மக, எதிர்வீட்டு பெரியம்மானு நாலு பொம்பளைங்களா கிளம்பிட்டோம்.

பெரிய குழுவோட போறவங்களுக்கு கவலையே இல்லைங்க. மூட்டை எல்லாம் வேன்ல போயிரும், குருசாமி முன்னாடியே மண்டபம் சொல்லி வச்சிருப்பாரு. குன்றக்குடியில இருந்து வர்ற நகரத்தார் காவடி 400 வருஷத்துக்கு மேல நடக்குது, எந்த ஊர்ல தங்கணும், எங்க பூஜைனு அவங்களுக்கு எல்லாம் தலைமுறை தலைமுறையா ஏற்பாடு. நம்மள மாதிரி சில்லறையா போறவங்க பாடுதான் திண்டாட்டம். ஆம்பளைங்க கடைத் திண்ணை, பஸ் ஸ்டாப்புனு துண்ட விரிச்சா தூங்கிருவாங்க. நமக்கு இடத்துக்கு முன்னாடி பாத்ரூம் இருக்கானு பாக்கணும், லைட் இருக்கானு பாக்கணும், பக்கத்துல குடும்பமா யாராவது படுத்திருக்காங்களானு பாக்கணும். சாயங்காலம் நாலு மணிக்கே தேட ஆரம்பிச்சுரணும், இருட்டுன அப்புறம் தேடுனா கிடைக்காது.

நத்தம் பக்கம் ஒரு சமுதாயக்கூடம் கிடைச்சது, கொசுவைத் தவிர குறை சொல்ல ஒண்ணுமில்ல. திண்டுக்கல்ல சித்தி வீடு. அங்கிருந்து பழனி ஒரு 60 கிலோமீட்டர் இருக்கும், ரோட்டோரமா நடக்கறவங்களுக்குனே தனி பாதை போட்டிருக்காங்க, புண்ணியமா போகும். ஆனா அதுலயே வண்டிய நிறுத்திடுறாங்க, அன்னதானம் சாப்பிட்ட தட்டு பூரா அதுலதான் கிடக்குது, காலுக்குக் கீழ சாம்பார் வழுக்குது. போடுறவங்க மனசு பெருசு, ஒரு குப்பைத்தொட்டியும் சேத்து வைக்கலாம்ல.

ஒட்டன்சத்திரத்துக்கு வரும்போது எனக்கு ரெண்டு உள்ளங்காலும் கொப்பளம். மண்டபம், மண்டபமா ஏறி இறங்குறோம், எங்கயும் கால் வைக்க இடமில்ல. பைக்ல ஒருத்தன் பக்கத்துலயே ஊர்ந்து வர்றான், "ரூம் வேணுமாக்கா, நாலு பேருக்கு மூவாயிரம், சுடுதண்ணி உண்டு"னு. போய்ப் பாத்தா ஒரு கடையோட மாடியில தகர ஷெட்டு, உள்ள ஏற்கனவே பத்துப் பேரு. சாமி பேரச் சொல்லி வர்றவங்ககிட்டயா இப்படினு பெரியம்மா பிடிபிடினு பிடிச்சுட்டாங்க. சரி ரோட்டோரம் தார்ப்பாய விரிச்சுரலாம்னு நாத்தனார் சொன்னா, எனக்கு மனசு ஒப்பல, மெயின் ரோட்டுல லாரி போற வேகத்துக்கு, முதுகுல ஒட்டுன ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் நடக்கும்போதுதான் காப்பாத்தும், படுத்துக் கிடந்தா யாருக்குத் தெரியும்? நடப்போம், முருகன் பாத்துக்குவான்னு ஊரத் தாண்டி நடந்தோம். தை மாசத்துப் பனி, இடது பக்கம் மலை கருப்பா தெரியுது, ஒவ்வொரு அடிக்கும் கொப்பளம் குத்துது, நான் அழுதுக்கிட்டேதான் நடந்தேன், அரோகரானு சொல்லக்கூட வாய் வரல.

அப்ப ஒரு தோட்டத்து வீடு. வாசல்ல குண்டு பல்பு, களத்துல மக்காச்சோளம் காயுது, ஒரு அக்கா சாணி தெளிச்ச ஓரத்துல ஏற்கனவே ரெண்டு மூணு குடும்பத்தப் படுக்க வச்சிருக்காங்க. எங்கள கேக்கக்கூட விடல. "உள்ள வாங்க தாயி, ஆம்பளைங்க களத்துல படுப்பாக, பொம்பளப்புள்ளைக வீட்டுக்குள்ள வாங்க"ன்னுட்டு பாத்ரூம் எங்கனு காட்டிட்டாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி வலி போச்சு. அண்டாவுல தண்ணி காய வச்சு கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, காலை வைங்கனு பக்கத்துலயே குத்தவச்சு உக்காந்துட்டாங்க. நான் வேணாம் வேணாம்னு இழுக்குறேன், "மலையேறப் போற காலு, விடு தாயி"னு அவங்களே தண்ணிய மொண்டு ஊத்துறாங்க. பணம் நீட்டுனா வாங்கல, உண்டியல்ல போட்டுரச் சொல்லிட்டாங்க. அவங்க மாமியார் காலத்துல இருந்தே தைப்பூசத்துக்கு இந்தக் களத்த காலி பண்ணி வைக்கிறதாம். எனக்கு அப்ப அந்த மஞ்சத் தண்ணியில என் கால் தெரியல, அவன்தான் தெரிஞ்சான், எப்படிச் சொல்றதுனு தெரியல.

அடுத்த நாள் சத்திரப்பட்டி, ஆயக்குடி எல்லாம் எப்படிப் போச்சுனே தெரியாது, ஆயக்குடி கொய்யா மட்டும் ஞாபகம் இருக்கு, அவ்ளோ ருசி. சண்முகநதியில முழுகி, திருஆவினன்குடியில கும்பிட்டு, போனைக் கவுன்டர்ல குடுத்துட்டு, யானைப் பாதையிலயே ஏறிட்டோம், 693 படி ஏற என் கால்ல தெம்பு இல்ல. கியூல இடிச்ச இடி, முன்னாடி போக ஆளப் பிடிக்கவானு காதுல ஓதுன புரோக்கருங்க, அதையெல்லாம் எழுதுனா பாவம் சேரும். சாயங்காலத்து சாயரட்சை பூஜை நேரம், முருகன் ராஜ அலங்காரத்துல. ஒரு செகண்ட் இருக்குமா? "நகருங்க நகருங்க"னு தள்ளிட்டாங்க. வேண்டுனத ஒண்ணுவிடாம சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன், "வந்துட்டேன்பா"னு மட்டும்தான் வாயில வந்துச்சு.

மலை மேலயே ஒரு ராத்திரி தங்குற பாக்கியம், சேலம் பக்கம் எடப்பாடியில இருந்து காவடி எடுத்துட்டு வர்றவங்களுக்குத்தான். நாங்க கீழ வந்து பஸ் ஸ்டாண்ட்ல பஞ்சாமிர்த டப்பாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தோம். அத்தை போன்ல கேட்ட முதல் கேள்வி, "மூணு டப்பா வாங்குனியா?" வாங்கினேன் அத்தை. ஒண்ணு ஒட்டன்சத்திரம் தோட்டத்து அக்காவுக்கு, திரும்புற வழியில பஸ்ஸ விட்டு இறங்கி குடுத்துட்டுத்தான் ஊருக்கு வந்தோம். அவங்க தோட்டத்துல சோளம் நல்லா விளையணும், அந்த வீட்டுல யாருக்கும் நோய் நொடி வரக்கூடாது முருகா. அரோகரா!