எண் மட்டும் ஏற்கும் கட்டம்

மார்ச் 3, திங்கள்

அடுத்த மாதக் கடைசியோடு டிரைவிங் லைசென்ஸ் முடிகிறது என்று குறுஞ்செய்தி வந்தது. இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு இணையத்தில் விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கடைசிக்கு முந்தைய கேள்வி: "சென்ற முறை உரிமம் பெற்ற பிறகு உங்கள் பார்வையில் மாற்றம் ஏதேனும் உண்டா?"

"ஆம்" என்று குறித்தேன். உடனே பக்கமே மாறிவிட்டது. "இந்த விண்ணப்பத்தை இணையவழியில் முடிக்க இயலாது. மருத்துவச் சான்றுடன் நேரில் வரவும்."

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இடது கண்ணில் விழித்திரை விலகியது. அறுவை சிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. முகத்துக்கு எதிரே கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்று தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை மாதக்கணக்கில் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மாவை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க் கூட்டி வருவது நான்தான். மெஷினில் நாலு மணி நேரம் படுத்துவிட்டு எழுந்தால் அம்மாவால் வாசல்வரைகூட ஒரே மூச்சில் நடக்க முடியாது. அந்த நிலையில் அவளை வழியில் யாரிடமோ விட்டுவிட்டு வண்டி தேட முடியுமா?

"இல்லை" என்று குறித்திருந்தால் இன்று இரவே எல்லாம் முடிந்திருக்கும். இது எனக்கு உறுத்துகிறது. உண்மை சொன்னவர்களுக்கு மட்டும் நீளமான வழியை வைத்தால், அடுத்த முறை எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்?

மார்ச் 6, வியாழன்

டாக்டரைப் பார்த்தேன். முதலில் எழுத்துப் பலகை. ஸ்நெல்லன் என்ற டச்சுக் கண் டாக்டர் 1862-ல் வகுத்த அதே முறைதான் இன்றும். வலது கண் 6/6, அதாவது முழுப் பார்வை. இடது கண்ணை மட்டும் திறந்தபோது பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்பதே தெரியவில்லை. டாக்டர் கிட்டே வந்து விரல்களைக் காட்டினார், எண்ண முடியவில்லை. கையை அசைத்தார், அது தெரிந்தது. "கை அசைவு மட்டும்" என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் பார்வைப் பரப்புச் சோதனை. இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம்போல் குழிந்த ஒரு திரை. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். திரையில் அங்கங்கே ஒரு வெளிச்சப் பொட்டு மின்னி மறையும். தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வாகன ஓட்டிகளுக்கென்றே எஸ்டர்மன் என்ற முறை இருக்கிறது, அதில் 120 இடங்களில் வெளிச்சம் காட்டுவார்கள். கண் எரிகிறது, ஆனால் சிமிட்டும் நேரத்தில் ஒரு பொட்டு தப்பிவிடுமோ என்று பயம்.

முடிவை டாக்டர் விளக்கினார். ஒரு கண் மட்டும் என்றால் அந்தப் பக்கத்தின் கடைக்கோடி தெரியாது, ஆனாலும் நல்ல கண் ஒன்றே கிட்டத்தட்ட 150 டிகிரி அகலத்தைப் பார்க்கும். பல நாடுகளில் காருக்குக் கேட்பது 120 டிகிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விதித் திருத்தம் ஒற்றைக் கண்ணுள்ளவர்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது: அந்தக் கண்ணில் குறைந்தது பாதிப் பார்வை வேண்டும், பரப்பு போதுமானதாக இருக்க வேண்டும், ஒற்றைக் கண்ணுக்குப் பழகப் போதிய காலம் ஆகியிருக்க வேண்டும். எனக்குப் பொருந்தும் சட்டமும் இதே போக்கில்தான் இருக்கிறது. லாரி, பஸ் என்றால் கதை வேறு, அங்கே கெடுபிடி அதிகம். இருக்க வேண்டியதுதான்.

சான்று கையில் கிடைத்தது. "காரை ஓட்டத் தகுதி உண்டு" என்று தெளிவாக எழுதியிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

சான்றோடு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். மருத்துவமனைத் தாளில் எழுதிய சான்று செல்லாதாம், படிவத்தில்தான் வேண்டுமாம். படிவம் எங்கே என்றால் இணையதளத்தில். இணையதளத்திலிருந்து எடுத்த படிவத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன், நீட்டினேன். "இது பழையது மேடம்." புதியது? "அதுவும் இணையதளத்தில்தான்." அங்கே நின்றபடியே போனில் திறந்து காட்டினேன், பழையதுதான் வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, "ஜெராக்ஸ் எடுத்துட்டு இதைத் திருப்பிக் கொடுத்துடுங்க, எங்ககிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான்" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுப் படிவத்தை அறிவித்தவர்கள் அதை எல்லோருக்கும் கிடைக்கும்படி வைக்கவில்லை. அந்தப் பழியை நாளெல்லாம் கவுண்டரில் வாங்கிக்கொள்வது இந்த அம்மா.

மார்ச் 12, புதன்

டாக்டர் இந்த வாரம் ஊரில் இல்லை. உதவி எண்ணுக்கு அழைத்தேன், "சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்கவும்" என்றார்கள்.

மார்ச் 19, புதன்

புதுப் படிவத்தில் டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் எல்லாம் ஆயிற்று. அவருடைய நோயாளிகள் வெளியே காத்திருக்க, ஏற்கெனவே எழுதிய அதே விஷயத்தை அவர் மறுபடி எழுதினார். இடது கண்ணுக்கான இடத்தில் "6/__" என்று அச்சடித்திருந்தார்கள். அவர் அதை அடித்துவிட்டு மேலே "கை அசைவு மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் சிறுகையெழுத்தும் போட்டார். "இந்த நிலைக்கு 6/6 மாதிரி எண் கிடையாது, இப்படித்தான் எழுத முடியும்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

இன்று நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

டோக்கன் வாங்கி, முறை வந்து, கணினியில் பதிவு செய்யும் தம்பியின் முன் உட்கார்ந்தேன். பொறுமையான பையன். வலது கண், 6/6. இடது கண் என்ற கட்டத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் இறங்குகிறது. 6/6-ல் தொடங்கி 6/60-ல் முடிகிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் தடுக்கிறது. எழுத்தில் அடித்தால் ஏற்கவில்லை.

அவன் திரையை என் பக்கம் திருப்பினான். "மேடம், 6/60 போட்டுடலாம். இந்த மாதிரி வர்றவங்க எல்லாருக்கும் அப்படித்தான் போடுறோம். போயிடும்."

6/60 என்றால் என்ன? பலகையின் உச்சியில் உள்ள பெரிய எழுத்தையாவது ஆறு மீட்டரில் நின்று வாசிக்க முடியும் என்று பொருள். என் இடது கண்ணுக்குப் பலகையே தெரியாது. அதே பக்கத்தின் அடியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று ஒரு வரி, அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, தப்பு யார்மேல் என்று தோண்டினால், டாக்டர் எழுதியது ஒன்று, நான் கையெழுத்திட்டது இன்னொன்று என்று நிற்கும். காப்பீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். அடிபட்டவருக்குப் போய்ச் சேர வேண்டிய பணம் வழக்கில் மாட்டிக்கொள்ளும். பட்டியலில் ஒரு வரி சேர்க்காததற்கு எங்கோ ஒரு குடும்பம் விலை கொடுக்க வேண்டுமா?

முடியாது என்று சொன்னேன். அவன் சங்கடப்பட்டான். "அப்படின்னா பெண்டிங்லதான் நிற்கும் மேடம்." நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடிதத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், தலையெல்லாம் நரைத்தவர். அவருடைய கதையைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

கணினி வருவதற்கு முன்பே கனரக வாகனத்துக்கு லைசென்ஸ் எடுத்தவர். பேரேட்டில் கையால் எழுதிய பதிவு. அதையெல்லாம் கணினிக்கு மாற்றியபோது அவருக்குக் கார் மட்டும் ஏறியிருக்கிறது, கனரகம் விட்டுப்போயிருக்கிறது. பழைய அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தபோதுதான் தெரிந்திருக்கிறது. "பேரேட்டை எடுத்துப் பாருங்கன்னு சொல்றேன் தங்கச்சி. அது குடோன்ல கிடக்குதுங்கிறாங்க. குடோனுக்கு யாரைக் கேட்கணும்னா இங்கேதான் கேட்கணும்கிறாங்க." முதலாளி லாரியைத் தர மாட்டேன் என்கிறார், தரவும் கூடாது. இத்தனை வருடம் ஓட்டியவர், மறுபடி கற்றுக்கொள்பவராகப் பதிந்து முதலிலிருந்து வரச் சொல்கிறார்கள்.

எனக்கு இது அலைச்சல், அவருக்குச் சம்பளமே போகிறது. என் கடிதத்துக்குத் தேதியோடு பெறுகை முத்திரை கேட்டு வாங்கியபோது, அவரையும் எழுத்தில் ஒரு மனு கொடுக்கச் சொன்னேன். வெளியே திண்ணையில் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்தேன். மனுவில் பழைய உரிம எண்ணும் முதலில் வழங்கிய தேதியும் வேண்டும். இரண்டையும் கேட்டவுடன் பார்க்காமலே சொன்னார்.

ஏப்ரல் 10, வியாழன்

மேலதிகாரியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அவர் முதலில் என் கோப்பைத் திறந்து டாக்டரின் சான்றை முழுக்கப் படித்தார். இத்தனை நாளில் அதைப் படித்த முதல் ஆள் இவர்தான். மற்றவர்கள் முத்திரை இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "ஐயா, வேண்டுமானால் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் எதிரே நிற்கும் வண்டியின் நம்பரை வாசிக்கச் சொல்லுங்கள்." பிரிட்டனில் இன்றும் ஓட்டுத் தேர்வு அப்படித்தான் தொடங்குகிறது, 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் எண்ணை வாசிக்க வேண்டும். அங்கே 1903 சட்டப்படி முதலில் லைசென்ஸ் கொடுத்தபோது தேர்வே கிடையாது, கட்டணம் கட்டினால் போதும். 1935-ல்தான் தேர்வு கட்டாயமானது. ஜெர்மனியின் பிரஷ்யாவில் தொடக்கத்தில் நீராவிக் கொதிகலன்களைப் பரிசோதிக்கும் சங்கத்துப் பொறியாளர்களே ஓட்டுநர்களையும் சோதித்தார்களாம். யாராக இருந்தாலும், எதிரே நிற்கும் ஆளால் ஓட்ட முடியுமா என்று ஒருவர் நேரில் பார்த்தார். இங்கே ஒரு தாள் இன்னொரு தாளோடு ஒத்துப்போகிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடுகிறது.

அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்: "சட்டத்துல உங்களுக்கு இடம் இருக்கும்மா. சாஃப்ட்வேர்லதான் இல்லை. இதுவரைக்கும் யாரும் எழுத்துல கேட்கலை. எல்லாருக்கும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிட்டதால, தலைமையகத்துக்கு இப்படி ஒரு சிக்கல் இருக்கிறதே தெரியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதுதான் ஓடியது. அந்தத் தம்பி இரக்கப்பட்டுத்தான் 6/60 போடலாம் என்றான். அப்படி இரக்கப்பட்டுப் போட்ட ஒவ்வொரு பொய் எண்ணும் இந்தக் குறையை மூடி மறைத்திருக்கிறது. மேலே இருப்பவர்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், புகார் ஒன்றும் இருக்காது.

தலைமையகத்துக்குக் குறிப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதில் இல்லை. இணையத்தில் பார்த்தால் "பரிசீலனையில்".

ஏப்ரல் 30, புதன்

இன்று நள்ளிரவோடு என் லைசென்ஸ் முடிகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஓட்டலாமா என்று எழுத்தில் கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லாததால் ஓட்டப்போவதில்லை. சாவியை என் கூடப்பிறந்த தம்பியிடம் கொடுத்தாயிற்று. அவன் வேலைக்கு விடுப்புப் போட்டு வர வேண்டும், வர முடியாத நாளில் வாடகை வண்டி. அம்மா, "எனக்காக நீ அலையுறியேடி, அந்தப் பையன் சொன்ன நம்பரைப் போட்டிருக்கலாம்ல" என்றாள். அவள் உடம்பு இருக்கும் நிலையில் அப்படிக் கேட்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் போட மாட்டேன்.

மே 7, புதன்

"சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்பட்டது" என்று செய்தி வந்தது. கார் மட்டும், இரண்டு பக்கமும் வெளிக்கண்ணாடி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனை, ஏற்கெனவே இரண்டும் இருக்கின்றன. அட்டை தபாலில் வரும், அதுவரை மின்னணு நகல் செல்லும். அம்மாவை இன்று நானே கூட்டி வந்தேன். பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டே, "மெதுவா போ, அவசரமில்லை" என்றாள்.

லாரிக்கார அண்ணனுக்கு போன் போட்டேன். பேரேட்டைத் தேட ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். இன்னும் லாரி கைக்கு வரவில்லை.

மே 9, வெள்ளி

எனக்குக் கிடைத்தது சிறப்பு நேர்வு. அந்தப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது, 6/60-க்குக் கீழே ஒன்றும் இல்லை. அடுத்து வரும் ஒற்றைக் கண்காரரிடமும் அதே எண்ணைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த முறை தலைமையகத்துக்கே. மூன்று கோரிக்கைகள். பார்வைப் பட்டியலில் "விரல் எண்ணுதல்", "கை அசைவு", "வெளிச்சம் மட்டும்", "பார்வை இல்லை" ஆகிய நான்கையும் சேர்க்க வேண்டும். கண் மருத்துவர்கள் எல்லோரும் அன்றாடம் எழுதும் நிலைகள்தான் இவை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலத்துக்குத் தற்காலிக உரிமம் தர வேண்டும். பேரேட்டிலிருந்து விட்டுப்போன பதிவுகளைச் சரிசெய்யும் பொறுப்பை அலுவலகமே ஏற்க வேண்டும், ஓட்டுநர் தலையில் கட்டக் கூடாது.

இதே சிக்கலில் யாராவது இருந்தால் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் கடிதத்தைத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.