எண்ணியவர் யார்?

"அப்படியானால் எண்ணியவர் யார், சார்?"

2019 பிப்ரவரி 26 மாலை, வெளியூர்ப் பதிப்பு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கேட்ட கேள்வி. கேட்டவர் எங்கள் நாளிதழின் செய்தி டெஸ்க்கில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத துணை ஆசிரியர். நான் பதில் சொல்லவில்லை. "நேரமாகிறதம்மா, பக்கத்தை அனுப்புங்கள்" என்றேன். பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானங்கள் குண்டு போட்ட செய்தி "300 பயங்கரவாதிகள் பலி" என்ற தலைப்புடன் அச்சுக்குப் போனது. அந்த 300-ஐப் போட்டவன் நான்.

அவர் எழுதிக் கொடுத்த தலைப்பில் எண் கிடையாது. "பாலாகோட் பயிற்சி முகாம் மீது இந்தியா தாக்குதல்" என்று இருந்தது. சப்பென்று இருக்கிறதே என்றேன். வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே அன்று காலை வாசித்த அறிக்கையை அவர் எடுத்து நீட்டினார். ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பின் பயங்கரவாதிகள், பயிற்சியாளர்கள், மூத்த தளபதிகள் என மிகப் பெரும் எண்ணிக்கையிலானோர் ஒழிக்கப்பட்டதாக அதில் இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. தொலைக்காட்சிகள்தான் டெல்லி வட்டாரங்களின் பெயரைச் சொல்லி 300 என்றன. சிலர் 350 என்றும் சொன்னார்கள். "எல்லாரும் போடுகிறார்கள். நாளைக் காலை நம்மிடம் மட்டும் இல்லையென்றால் செய்தியைக் கோட்டைவிட்டோம் என்பார்கள்" என்றேன். அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நாள்களுக்கு முன்பு காஷ்மீரின் புல்வாமாவில் தற்கொலைத் தாக்குதலில் சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், மற்றவர் அரியலூர் மாவட்டம். இறுதிச் சடங்குப் படங்களுக்கு அடிக்குறிப்பு எழுதியது நான்தான். அந்த இரண்டு வாரமும் அலுவலகத் தொலைபேசியை எடுத்தால் வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பதிலுக்கு என்ன செய்யப் போகிறோம்? அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கோபப்பட்டது தவறென்று இன்றுவரை நினைக்கவில்லை. செய்திக்குள் "வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்று சேர்த்திருந்தேன். உயிர்ச்சேதமே இல்லை என்ற பாகிஸ்தானின் மறுப்பையும், ஏழாவது பத்தியில்தான் என்றாலும், போட்டிருந்தேன். செய்தித் தொழில் கேட்கும் குறைந்தபட்ச நேர்மையை மீறவில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் தலைப்பில் வட்டாரங்கள் இல்லை. கடைகளில் தொங்கிய சுவரொட்டியிலும் இல்லை. அங்கே எண் மட்டும்தான் இருந்தது.

உண்மையில், எண்ணைவிட அன்று நான் வெட்டிய ஒரு வரிதான் இப்போது அதிகம் உறுத்துகிறது. அறிக்கை அந்தத் தாக்குதலை ராணுவம் சாராத முன்தடுப்பு நடவடிக்கை என்று விவரித்திருந்தது. அவர் அதை அப்படியே தமிழாக்கி மூன்றாவது பத்தியில் வைத்திருந்தார். போர் விமானம் போய்க் குண்டு போட்டதை ராணுவம் சாராதது என்று எழுதினால் வாசகர் சிரிப்பார் என்று சொல்லி அடித்துவிட்டு, "பதிலடி" என்று மாற்றினேன். அவர் விடவில்லை. "அதுதான் சார் செய்தியே. உங்கள் ராணுவத்தை நாங்கள் தொடவில்லை, பொதுமக்களைத் தொடவில்லை, இன்னொரு தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாரானவர்களை மட்டும் தடுத்தோம் என்கிறார்கள். இத்தோடு நிறுத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பதிலடி என்று அறிக்கையில் எங்கேயும் இல்லை."

அவர் சொன்னது சரி. 1971 போருக்குப் பிறகு இந்திய விமானங்கள் ஆக்கிரமிப்புக் காஷ்மீரையும் தாண்டி, பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்தில் இருந்த இலக்கைத் தாக்கியது அதுதான் முதல் முறை. இரு பக்கமும் அணு ஆயுதம் இருக்கிறது. அந்த நிலையில் தலைநகரங்களுக்கு நடுவே போய்வருபவை சொற்கள்தான். அதைப் படித்துத்தான் அடுத்த அடியை வைப்பதா, விடுவதா என்று எதிர்ப்பக்கம் கணக்குப் போடும். முப்பது ஆண்டு வெளிநாட்டுச் செய்திகளைத் திருத்தியவனுக்கு இது தெரியாதா? தெரியும். வாசகருக்குப் புரியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளே பாகிஸ்தான் விமானங்கள் வந்தன. நம் விமானி அபிநந்தன் பிடிபட்டார். மார்ச் 1 இரவு அவர் வாகா வழியாகத் திரும்பும்வரை அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் களேபரத்தில் 300 மறந்துபோனது. மார்ச் 4 அன்று விமானப்படைத் தளபதி தனோவா கோவையில் செய்தியாளர்களைச் சந்தித்தார். இலக்கைத் தாக்கினோமா என்பதுதான் எங்கள் கணக்கு, இறந்தவர்களை எண்ணுவது விமானப்படையின் வேலை இல்லை என்ற பொருளில் பேசினார். அந்தச் செய்தி அந்தத் துணை ஆசிரியருக்குத்தான் திருத்த வந்தது. திருத்தி, அச்செடுத்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி வாதிட்டிருப்பேன்.

சில வாரம் கழித்துத் தேநீர் இடைவேளையில் அவரே பேச்செடுத்தார். "மும்பைத் தாக்குதலில் 166 பேர் என்று எழுதுகிறோம் சார். அந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. இந்த 300-ஐயும் அதே எழுத்துருவில் போட்டோமே, அதுதான் கஷ்டமாக இருந்தது" என்றார்.

2008-ல் நடந்த அந்த மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். உயிரோடு பிடித்த கசாபைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரித்தது. ஆதாரங்களைத் தொகுத்து 2009 ஜனவரியில் பாகிஸ்தானிடம் கொடுத்தது. ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்க 2009-ல் தொடங்கிய முயற்சி, சீனாவின் முட்டுக்கட்டையைத் தாண்டி 2019 மே 1 அன்றுதான் பலித்தது. பத்து ஆண்டுகள் காகிதத்தை வைத்துக்கொண்டு வாதாடிய நாடு இது. அந்தக் காகிதத்தில் இல்லாத எண்ணை நான் அதன் பெயரால் எழுதினேன். ஒரு தமிழ் நாளிதழின் தலைப்பு வெளியுறவைக் கெடுத்துவிடுமா என்று கேட்டால், கெடுக்காது. அப்படி நினைத்து ஆறுதல் அடைய முயன்றிருக்கிறேன். ஆனால் காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது அதைப் படித்தவர், தன் நாடு சொன்னதாகத்தானே எடுத்துக்கொண்டிருப்பார்?

அதே சமயம், அந்த மாலை திரும்ப வந்தால் எண் இல்லாத தலைப்பை அனுப்பும் துணிச்சல் எனக்கு இருக்குமா என்றும் தெரியவில்லை. பக்கத்துப் பத்திரிகை நினைவில் நிற்காமல் இருக்காது.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். 2025 மே 7 காலை, பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பிறகு 'ஆபரேஷன் சிந்தூர்' பற்றிய அரசின் அறிக்கை வந்தது. ஒன்பது இடங்கள் தாக்கப்பட்டன, பாகிஸ்தானின் ராணுவ நிலைகள் எதுவும் குறிவைக்கப்படவில்லை என்றது. நடவடிக்கை குறிப்பானது, அளவானது, மோதலைப் பெரிதாக்காதது என்றும் சொன்னது. 2019-ல் நான் அடித்த வரியின் அதே சாயல். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, கடைசிச் சொல்லுக்கு நாளிதழின் ஓரத்தில் வேறு தமிழ் தேடினேன். "போரை வளர்க்காத" என்று எழுதினேன். போர் என்ற சொல்லே அறிக்கையில் இல்லாததால் அடித்தேன். "பதற்றத்தைக் கூட்டாத" என்று எழுதினேன். அதுவும் பொருந்தவில்லை. அவரைக் கேட்டால் நல்ல சொல் ஒன்று சொல்வார் என்று தோன்றியது. தொலைபேசியில் அவர் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். அழைக்கவில்லை.